எங்களையும் வரி செலுத்துவோராகப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: ஆணையாளர் நாயகம், உள்நாட்டு இறைவரித் திணைக்களம், சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை, கொழும்பு 02.

பிரதிகள்: நிதி அமைச்சர் (ஜனாதிபதியும் இவரே என்பதால் ஒரு பிரதி போதும்), சர்வதேச நாணய நிதியம், வாஷிங்டன் (மூலப்பிரதியையே அங்கு அனுப்பியிருக்கலாம் என்கிறான் என் மருமகன்).

கதிரவெளி,
ஏப்ரல் 2025.

பெருமதிப்புக்குரிய ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

வரி கட்டச் சொல்லி நீங்கள் சனங்களுக்குக் கடிதம் எழுதுவதுதான் வழக்கம். நாங்கள் வரி கட்டுவதை ஒத்துக்கொள்ளுங்கள் என்று உங்களுக்கு எழுதுகிற முதல் ஆள் நானாக இருக்கலாம். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே வந்து, வாகரையும் தாண்டி, வெருகல் வருவதற்கு முன் மாவட்டம் மூச்சுவிட்டு முடிகிற இடத்தில் எங்கள் ஊர். முன்னால் கடல், பின்னால் களப்பும் காடும் யானையும். இங்கே ஒரு சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு முன்னால் ஒரு வாங்கு. பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி வரவு செலவுத் திட்டத்தை வாசித்த நாள் தொட்டு அந்த வாங்கில் பாராளுமன்றம் கூடுகிறது. தேநீர்ச் செலவு என் தலையில்.

விவாதம் இதுதான். இப்போது ஆளும் திசைகாட்டிக் கட்சியினர் தேர்தலுக்கு முன் மாதம் இரண்டு இலட்சம் வரையான சம்பளத்துக்கு வரியில்லை என்றார்கள். இப்போது ஒன்றரை இலட்சம் வரைதான் என்கிறார்கள். இது சொல் தவறியதா, இல்லை முக்கால்வாசி காப்பாற்றியதா? கடன் கொப்பி வைத்திருப்பவன் என்ற முறையில் என் தீர்ப்பு: கொடுத்ததில் முக்கால்வாசி திரும்பி வந்தால் அது கொண்டாட வேண்டிய நாள். இரண்டு இலட்சம் சம்பளக்காரர் இதுவரை மாதம் 10,500 ரூபாய் கட்டினார். இந்த மாதத்திலிருந்து 3,000. மிச்சம் 7,500. நன்றாக இருக்கட்டும். அப்படி ஒருவரை எங்களூரில் தேடினேன். கிடைத்தார். கட்டாரிலிருந்து லீவில் வந்தவர்.

வாங்கின் ஓரத்தில் இருந்த எங்களூர்ப் பாட்டி, எங்களுக்குப் பெத்தா, இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மனே, ஒன்றரை இலட்சம் எண்டா வருசத்துக்கா?" என்றா.

"மாசத்துக்குப் பெத்தா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுகா, "அப்ப அது நம்மட கதையில்லை. ஒரு சவுக்காரம் தா" என்றா.

அந்தச் சவர்க்காரத்தைப் பற்றித்தான் இக்கடிதம்.

பெத்தாவுக்கு அஸ்வெசும என்ற அரச நிவாரணக் காசு மாதாமாதம் வருகிறது. ஜனவரியில் கூட்டினார்கள், 8,500 இப்போது 10,000. அதில் பாதியை அரிசி, மீன், மரக்கறிக்கு வைத்துவிட்டு மறு பாதியைச் சவர்க்காரம், பிஸ்கட், பற்பசை, போன் ரீலோட் என்று என்னிடம் செலவழிக்கிறா என்று வையுங்கள். 118 ரூபாய்ச் சாமானில் 18 ரூபாய் உங்களது. என் இலாபத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 5,000 ரூபாயில் பெறுமதி சேர் வரியான வற் மட்டும் 762 ரூபாய் 71 சதம். இரண்டு இலட்சம் சம்பளக்காரருக்கு மாதம் 3,000 என்றால், பத்தாயிரம் ரூபாய்ப் பெத்தாவுக்கு 762. விகிதக் கணக்குத் தெரிந்தவர்கள் உங்கள் கட்டடத்தில் நிறையப் பேர் இருப்பார்கள், போட்டுப் பாருங்கள். ஆனால் பத்திரிகையில் "வரி செலுத்துவோர்" என்று போட்டால் அது கழுத்துப்பட்டி கட்டிய ஒருவரின் படம்தான். பெத்தாவின் படம் "நிவாரணம் பெறுவோர்" பக்கத்தில்.

இதில் என் பங்கையும் மறைக்கக் கூடாது. வருடம் 60 மில்லியன் ரூபாய்க்கு விற்றால்தான் வற் பதிவு. என் கடையை, கட்டிய வளவோடும், என்னையும் மருமகனையும் சேர்த்து விற்றாலும் அந்தத் தொகை வராது. பதிவில்லாதவன் மொத்தக் கடையில் கட்டிய வற்றைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆகவே அதை விலைக்குள் புதைத்துப் பெத்தாவிடம் வாங்கிவிடுகிறேன். ஆக, உங்கள் திணைக்களத்தின் கதிரவெளிக் கிளை நான்தான். சம்பளமில்லை, ஓய்வூதியமில்லை, பெயர்ப்பலகை கூட இல்லை. போன வருடம் முதல் பதினெட்டு வயது தாண்டிய எல்லோரும் ரின் எனும் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் எடுக்க வேண்டும் என்று அறிவித்தபோது, எங்களையும் ஆட்களாக மதித்துவிட்டார்கள் என்று நினைத்தோம். ஊரில் பாதிப் பேர் ரின்மீனுக்குத்தான் ஏதோ பங்கீடு வருகிறது என்று என் கடைக்கு வந்தார்கள்.

அத்தியாவசிய உணவு, மருத்துவம், புத்தகம் ஆகியவற்றின் மீதான வற்றை எடுப்போம் என்றும் சொல்லப்பட்டது. எடுத்திருக்கிறார்கள்: உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும். மட்டக்களப்பார் யோகட்டுக்கு எதிரிகள் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்தது முட்டியில் உறைந்த எருமைத் தயிர். அதைப் பட்டியில் கறந்து, வீட்டில் உறைய வைத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து தருகிற மனிதனை உங்கள் திணைக்களம் ஒரு நாளும் கண்டதில்லை. இல்லாத வரியை எப்படி நீக்குவது? எங்களுக்குக் கிடைத்த சலுகை, நாங்கள் வாங்காத சாமானுக்கு.

வரியே வேண்டாம் என்று கேட்கிறேன் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அந்தப் பாடத்தை நாங்கள் காசு கட்டிப் படித்தோம். 2019 டிசம்பரில் வற்றை 15இலிருந்து 8 ஆக்கினார்கள். என் கடையில் ஒரு பிஸ்கட்கூட விலை இறங்கவில்லை. 2020இல் சீனி வரியை 50 ரூபாயிலிருந்து 25 சதமாக்கினார்கள், சீனியும் இறங்கவில்லை. யாருடைய பையில் இறங்கியது என்று திசைகாட்டிக்காரரே மேடை மேடையாகச் சொன்னார்கள். பிறகு 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தபோது, 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனது. தோணியைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் ஆட்கள். இறங்கும்போது எங்களுக்குத் தெரியாமல் இறங்கும் வரி, ஏறும்போது மட்டும் எங்கள் வீட்டு முகவரியைச் சரியாக வைத்திருக்கிறது.

வரி கட்டுவதில் எங்களுக்கு இருக்கும் அனுபவம் உங்களுடைய வேறெந்த வாடிக்கையாளருக்கும் இராது. 2007 ஜனவரி வரை இந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. கொழும்பில் செய்த சவர்க்காரம் உங்கள் வற்றைக் கட்டி, சோதனைச்சாவடி தாண்டி வந்து, இந்தப் பக்கம் அவர்களுடைய வரியையும் கட்டி எங்கள் குளியலுக்கு வந்து சேர்ந்தது. ஒரு சவர்க்காரம், இரண்டு அரசாங்கம். எத்தனையோ நாடுகளோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்திருக்கிறீர்கள்; கதிரவெளிக்கு ஒன்றும் இல்லை. ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும்: அவர்கள் காசை எடுத்ததும் துண்டு எழுதித் தந்தார்கள்.

2006 நவம்பர் 8ஆம் திகதி எங்களூர் விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் அகதிகளாக ஒதுங்கியிருந்த சனங்கள் மேல் இராணுவத்தின் ஷெல்கள் விழுந்தன. 40க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அந்த ஷெல்களின் விலையில் எங்கள் சவர்க்காரத்தின் பங்கு எத்தனை சதம் என்று உங்கள் பழைய பேரேடுகளில் இருக்கும்.

இன்னொரு விஷயத்தில் புதிய அரசை மெச்ச வேண்டும். போன நவம்பர்த் தேர்தலில் 22 தேர்தல் மாவட்டங்களில் திசைகாட்டி வெல்லாத ஒரே மாவட்டம் எங்களுடையது. அதற்காக எங்களுக்கு 18 வீதத்தைப் 19 ஆக்கவில்லை. வென்ற 21 மாவட்டங்களுக்கு 17 ஆக்கவும் இல்லை. இவ்வளவு சுத்தமான சமத்துவத்தை இந்த நாட்டில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. வருடத்தில் ஒரு முறை, பெத்தாவுக்கு ஒரு பற்றுச்சீட்டு அனுப்புங்கள். "இவர் இந்த வருடம் குடியரசுக்கு இவ்வளவு தந்தார்" என்று ஒரு வரி போதும். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைப்பா. அடுத்த தடவை கந்தோரில் யாராவது "அரசாங்கம் சும்மா தருகிறது, சத்தம் போடாமல் நில்லுங்கள்" என்று அதட்டினால் எடுத்துக் காட்டுவதற்கு உதவும். அவவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றா. வருமானம் கூடிவிட்டது என்று நினைத்து அஸ்வெசுமவை வெட்டிவிடுவீர்களாம்.

இக்கடிதத்துக்கான தாள், உறை, பேனா மூன்றுக்கும் வற் கட்டியாகிவிட்டது. முத்திரை 50 ரூபாய். பதிலைத் தயவுசெய்து தமிழில் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் கதிரவெளிக் கிளை
(பதிவு செய்யப்படாதது)