குழிக்குள் டார்ச் பிடித்தவன்

1996-இல் அப்பா பார்த்து வைத்த அம்பாசிடர் 1983 மாடல், மார்க் 4. ஸ்டியரிங் கியர், நாலு கியர். ‘எல்லாமே கம்பெனி ஃபிட்டிங், ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை’ என்று சொல்லி, விற்பவர் ஆர்.சி. புக்கை விரித்தார். இன்ஜின் நம்பர் சரி, சேஸிஸ் நம்பர் சரி. அப்பாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. கூட வந்த மேஸ்திரி புக்கை மூடி நீட்டினார். “இதுல கியர் பாக்ஸுக்கு நம்பர் ஏது சார்? குழிமேல விடுங்க, பார்த்துருவோம்.”

இன்றைக்கும் அதே கதைதான். இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய வேண்டும். கியர் பாக்ஸ் நம்பருக்கு ஆர்.சி.யில் இடமே கிடையாது.

பெரம்பூர் பட்டறையில் டார்ச் பிடிக்க என்னையும் மேஸ்திரி குழிக்குள் இறக்கினார். எனக்கு 17 வயது. இன்ஜினின் அடியில் 13 வருட ஆயிலும் புழுதியும் தார் மாதிரி அப்பிக் கிடந்தன. அதை ஒட்டியிருந்த கியர் பாக்ஸ் மட்டும் வெள்ளிக்கிழமை துலக்கிய குத்துவிளக்காகப் பளபளத்தது. மேஸ்திரி கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். வெள்ளி பெயின்ட் செதிலாக உரிந்தது. போல்ட் தலைகளின் முனை மழுங்கி, ஸ்பானர் வழுக்கிய தடம் தெரிந்தது. மவுண்டிங் ரப்பரில் ஒரு விரிசல் இல்லை. “கூடப் பொறந்ததுன்னா கூடவே கிழடாகியிருக்கணும் தம்பி” என்றார்.

பிறகு ஓட்டிப் பார்த்தார். “ஃபர்ஸ்ட் கியர்ல நறநறன்னா பயப்படாத, அதுக்கு சிங்க்ரோ கிடையாது, மாரிஸ் காலத்துலேருந்தே அப்படித்தான். செகண்ட்ல நறநறன்னாதான் கேட்கணும்.” செகண்ட் வெண்ணெயாக விழுந்தது. பாக்ஸ் நல்ல பாக்ஸ்தான், ஆனால் அந்த வண்டியோடு வந்ததில்லை.

விற்பவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், இரண்டு வருடத்துக்கு முன் புதுப்பேட்டை பழைய உதிரிக் கடையில் வாங்கி மாட்டியதாக ஒப்புக்கொண்டார். பிரித்த வண்டியின் பாக்ஸ் என்பதில் எனக்குக் குறையே இல்லை. நல்ல கை மாட்டினால் அது இன்னொரு ஆயுசு ஓடும். பெயின்ட் அடித்து மறைத்தாரே, அதுதான் இன்றும் உறுத்துகிறது. அப்பா விலையைக் குறைத்து வாங்கினார். ‘கியர் பாக்ஸ் மாற்றியது, 1994, புதுப்பேட்டை’ என்று ஒரு சீட்டில் எழுதி ஆர்.சி. உறையில் செருகினார். 11 வருடம் கழித்து வண்டியை விற்றபோது அந்தச் சீட்டும் கூடவே போனது.

2024-இல் என் மகள் பழைய கார் ஒன்று பார்த்தாள். 2016-இல் தயாரான ஏ.எம்.டி. வண்டி. கிளட்ச் மிதி இல்லையே தவிர, உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பாக்ஸ்தான். கிளட்ச் பிடிப்பதையும் கியர் மாற்றுவதையும் கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல ஆக்சுவேட்டர் செய்கிறது. விற்பனைக் கடையில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் கொடுத்தார்கள். ‘டிரான்ஸ்மிஷன்: நன்று’ என்று பச்சை டிக். எம்பரிவாகன் செயலியிலும் எல்லாம் சரி. ஸ்கேனர் போட்டதில் ஒரு கோளாறும் காட்டவில்லை. பாக்ஸ் வேலை செய்கிறதா என்பதை அது சொல்லும். அது எந்த வண்டியில் பிறந்தது என்று சொல்லாது.

“லிஃப்ட்ல ஏத்துங்க” என்றேன். கடைக்காரப் பையன் தயங்கினான், ஆனாலும் ஏற்றினான். டார்ச் இப்போது மகள் கையில். இன்ஜின் பக்கத்து போல்ட்களில் தொழிற்சாலையில் இழுத்த பெயின்ட் கோடு மங்கலாக இருந்தது. பாக்ஸைப் பிணைக்கும் போல்ட்களில் கோடே இல்லை. பாக்ஸின் உறையில் பொத்தான் அளவு வட்டம் ஒன்றைத் தேடச் சொன்னேன். வார்ப்படத்திலேயே விழுந்த தேதி அது. சுற்றிலும் மாதங்கள், நடுவில் அம்புக்குறியும் வருடமும். துணியால் துடைத்துவிட்டு மகள் படித்தாள்: “18-னு இருக்குப்பா.”

2016-இல் உருவான வண்டிக்கு 2018-இல் வார்த்த பாக்ஸ்.

பையன் உள்ளே போய் அரை மணி நேரம் யார் யாரிடமோ பேசினான். கடைசியில் பழைய ஜாப் கார்டு ஒன்று வாட்ஸப்பில் வந்தது. வாரண்டியில், கம்பெனி சர்வீஸிலேயே புது பாக்ஸ் மாற்றியிருக்கிறார்கள். மறைக்க அதில் என்ன இருந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேட்டவுடன் சொல்லியிருந்தால் அந்த வண்டியின் மதிப்பு கூடியிருக்கும்.

மகள் வண்டியை எடுத்தாள். ஜாப் கார்டை பிரிண்ட் போட்டு, நாலாக மடித்து, ஆர்.சி. கார்டோடு உறையில் வைத்தாள். அந்த பிரிண்டின் முதுகில் பேனாவால் ‘கியர் பாக்ஸ் மாற்றியது, 2018’ என்று எழுதியிருக்கிறாள்.