எக்ஸெல்லுக்கு இறக்கை வேண்டும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் கதவு திறப்பாள். வெளியே கடை போட்டிருப்பவர்களுக்கும் அந்த இரண்டு நாள்தான் பிழைப்பு. போன வெள்ளிக்கிழமை பொரிகடலைக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவில் பேனா மாதிரி ஒன்று தொங்கியது. பச்சை லேசர் லைட்.

"ரெண்டு கிலோமீட்டர் அடிக்குங்க. இங்கேர்ந்து அடிச்சா மலையில புள்ளி விழும்" என்றார் கடைக்காரர்.

என்னோடு வந்த தங்கை மகன் ஆறாம் வகுப்பு. அதற்குமேல் ஓர் அடி நகர மறுத்துவிட்டான். "ஒண்ணே ஒண்ணு மாமா."

பேனாவின் இடுப்பில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு. ஐந்து மில்லிவாட்டுக்குக் கீழே என்று அச்சடித்திருந்தது. அதை நம்புவது, தேர்தல் நேரத்தில் வேட்பாளர் கொடுக்கும் சொத்துக் கணக்கை நம்புவது போல. அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனம் 2013-இல் இப்படிப்பட்ட 122 பேனாக்களை வாங்கி அளந்து பார்த்தது. பச்சையில் 100-க்கு 90, சிவப்பில் 100-க்கு 44 அங்கே அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. அங்கேயே அப்படி. சிறுவாச்சூர் தெருக்கடையில் தொங்குவது எத்தனை மில்லிவாட் என்று அம்மனுக்குத்தான் வெளிச்சம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேசருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. டார்ச் வெளிச்சம் போகப் போக விரிந்து நீர்த்துவிடும். லேசர் அப்படி விரியாது. கண்ணுக்குள் போனால் நம்முடைய சொந்த விழிலென்ஸே அதை ஊசிமுனையாகக் குவித்து விழித்திரையில் வைத்துக் குத்தும். ஒரு மில்லிவாட்டுக்குள் இருந்தால் கால் நொடியில் இமை மூடிக் காப்பாற்றும். அதற்குமேல் போகப் போக இமையை நம்ப முடியாது. பச்சை நிறத்துக்கு நம் கண் ரொம்பவே இளகிவிடும், சிவப்பைவிடப் பல மடங்கு பிரகாசமாகத் தெரியும். தரையிறங்கும் நேரத்தில் விமானியின் கண்ணாடியில் இந்தப் பச்சை பட்டால் கண்ணாடி முழுக்கச் சிதறி, எதிரே ஓடுபாதை இருக்கிறதா, ஊர் இருக்கிறதா என்று தெரியாது. அமெரிக்காவில் 2023-இல் மட்டும் விமானங்கள்மீது லேசர் அடித்ததாக 13,304 புகார்கள். நம் மீனம்பாக்கத்திலும் 2025 மே மாதம் துபாயிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின்மேல் பரங்கிமலைப் பக்கமிருந்து யாரோ அடித்தார்கள். 300 உயிருக்கு மேல் உள்ளே. அடித்தவன் கையை முறிக்க வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

ஆஸ்திரேலியாக்காரர்கள் 2008-இல் ஒரு மில்லிவாட்டைத் தாண்டிய பேனா இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டார்கள். சிட்னி இருக்கும் மாநிலத்தில் அதற்குப் பெயரே தடைசெய்யப்பட்ட ஆயுதம். தக்க காரணமில்லாமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தெருவில் நடந்தாலே குற்றம். பிரிட்டன் 2018-இல், விமானத்தின்மேல் அடித்தால் ஐந்து வருடம்வரை சிறை என்றது. சுவிட்சர்லாந்து 2019-இல் கிட்டத்தட்ட எல்லாப் பேனாவையும் எல்லையிலேயே மறித்தது. நாமும் சும்மா இருக்கவில்லை. 1937-ஆம் வருட விமான விதிகளில் 66-வது விதி இருக்கிறது, ஏமாற்று வெளிச்சம் காட்டக்கூடாது என்று. அதைத் தூசி தட்டி 2023-இல் திருத்தினார்கள். வெளிச்சம் என்றால் இனிமேல் லேசரும் சேர்த்தி, வானில் விடும் காகித விளக்கும் சேர்த்தி. விமான நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் என்றிருந்த எல்லை ஐந்து கடல் மைல் ஆனது, அதாவது ஒன்பதேகால் கிலோமீட்டர். நோட்டீஸ் கொடுத்து 24 மணி நேரத்தில் நீங்கள் விளக்கை அணைக்காவிட்டால் அரசாங்கமே உங்கள் இடத்துக்குள் வந்து அணைக்கும்.

படித்தபோது எனக்குக் கண்கலங்கியது. ஒரு கண்ணைக் காப்பாற்ற அரசாங்கமே படியேறி வந்து விளக்கணைக்கிற தேசத்தில்தான் நான் வாழ்கிறேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரம்பலூரில் விமான நிலையம் இல்லை. அரியலூரிலும் இல்லை. திருச்சி விமான நிலையம் 50 கிலோமீட்டருக்கு மேலே. எங்கள் வானத்தில் கொக்கு பறக்கும், சிமெண்ட் தூசி பறக்கும். எப்போதாவது பெரியவர்கள் வந்தால் ஹெலிகாப்டர் பறக்கும். 2025 ஜூலை 27-இல் பிரதமர் அப்படித்தான் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு இறங்கினார். கடல் மைல் கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. இத்தனைக்கும் கடல் எங்களுக்கு அந்நியமில்லை. டைனோசர் காலத்தில் அரியலூரே கடல்தான். வாரணவாசியில் அருங்காட்சியகம் வைத்து நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடப்பதைக் காட்டுகிறார்கள். கடல் சுண்ணாம்பாகி எங்களிடம் தங்கிவிட்டது. மைல் மட்டும் டெல்லிக்குப் போய்விட்டது.

அந்தச் சுண்ணாம்பில்தான் வினை. தோண்டுகிறார்கள், டிப்பரில் அள்ளுகிறார்கள், ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள், பொடியாக்கிப் பல்கர் லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்குமேல் அரியலூரிலிருந்து செந்துறைக்கோ ஜெயங்கொண்டத்துக்கோ ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்டில் போய்ப் பாருங்கள். எதிரே வருவது லாரி என்று உங்களுக்குத் தெரியாது. வெள்ளையாக ஒரு சுவர் வரும். கம்பெனி விளக்கு இரண்டு, பம்பரில் பொருத்திய எல்.இ.டி. பட்டை ஒன்று, கேபினுக்குமேல் ஃபோகஸ் லைட் இரண்டு. "டிம் அடிய்யா" என்று உங்கள் நாற்பது ரூபாய் ஹெட்லைட்டைச் சிமிட்டிக் கெஞ்சுவீர்கள். அவருக்கு அது மின்மினி. இடதுபக்கம் ஒதுங்கலாமென்றால் அங்கே மண் இருக்கிறதா, பள்ளமா, பார்க்கிங் லைட் போடாமல் நிற்கும் இன்னொரு டாரஸ் லாரியின் பின்பக்கமா என்பது தலையெழுத்து. மனைவி பின்னால் உட்கார்ந்து உங்கள் தோளை இறுக்கிப் பிடிப்பாள். அந்த மூன்று நொடி இரண்டு பேரும் குருடர்கள். இதைத்தான் லேசர் புத்தகங்களில் தற்காலிகக் குருடு என்று எழுதியிருக்கிறார்கள், விமானிக்கு நேர்ந்தால்.

சட்டம் இல்லையா? இருக்கிறதய்யா, அதுதான் வயிற்றெரிச்சல். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஐ எடுத்துப் பாருங்கள். முகப்பு விளக்கு ஒரு கண்ணைக் கூசச் செய்யக் கூடாது என்கிறது. எந்தக் கண்? விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அதன் வலதுபுறம் அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண். எழுதிய புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் எக்ஸெல்லில் உட்கார்ந்து எதிரே வருகிற என் கண்ணை டேப் வைத்து அளந்துதான் எழுதியிருக்கிறார். ஆண்டவன்கூட என்னை இவ்வளவு துல்லியமாகப் பார்த்ததில்லை. அளந்து, எழுதி, அச்சடித்து, மடித்து உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

செயல்படுத்தவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வருடத்துக்கு ஒரு முறை சாலைப் பாதுகாப்பு மாதம் வரும். காக்கிச்சட்டைகள் ரோட்டில் இறங்கி முகப்பு விளக்கு நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். குழந்தைக்குக் கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டு போல லாரிக்கு அது அழகாகத்தான் இருக்கும். லாரிக்குக் கண்ணேறு படாது. எங்கள் கண்தான் படும். இரண்டு மழையில் ஸ்டிக்கர் உரிந்து விழும்போது அடுத்த வருடத்து மாதம் பிறந்துவிடும்.

ஒரு டீக்கடையில் டிப்பர் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் கேட்டே விட்டேன். "ஏண்ணே, இத்தனை லைட்டா?"

"டிரிப்புக் கணக்குக்குத்தான் தம்பி காசு. கம்பெனி லைட்டுல ரோட்டுப் பள்ளம் தெரியாது. எதிர்ல வர்றவன் பிரைட்ல வர்றான், நான் மட்டும் டிம்ல போனா நான் சாவணுமா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் கண் கூசித்தான் ஓட்டுகிறார். இப்படி ஒவ்வொரு லாரியும் எதிர் லாரிக்குப் பயந்து ஒரு விளக்கைக் கூட்டிக்கொள்கிறது. அந்த ஆயுதப் போட்டியில் விளக்கே இல்லாதவன் சைக்கிளில் போகிறான். கோபமெல்லாம் டிரிப்புக்கு விலை வைத்தவர்மேலும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வந்த வண்டியில் விளக்கை எண்ணாமல் முத்திரை குத்துகிறவர்மேலும்தான். எஃப்.சி. அன்றைக்குக் கூடுதல் விளக்கைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள் என்று அந்த அண்ணனே சிரித்துக்கொண்டு சொன்னார். கழற்றவும் மாட்டவும் நூற்றைம்பது ரூபாயாம்.

தேதிகளைப் பற்றி எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, அடுக்கிப் பார்ப்பேன். 2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை. அரியலூர் மாவட்டம் விரகாலூரில் நாட்டு வெடி ஆலை வெடித்தது. செத்தவர்கள் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. குடும்பத்துக்கு மூன்று லட்சம் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த நாள் 10-ஆம் தேதி, டெல்லியில் அரசிதழ். அதில்தான் மேலே சொன்ன விமான விதித் திருத்தம், லேசரும் காகித விளக்கும் ஆபத்து என்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, தெரியும். வெடிமருந்துக்கு 1884-லேயே வெள்ளைக்காரன் தனிச் சட்டம் போட்டுவிட்டான், அதுவும் தெரியும். ஒரே வாரத்தில் நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு கண் வானத்தில் பறக்கும் காகித விளக்கைக் கண்டுபிடித்தது, இன்னொரு கண்ணுக்குக் கிராமத்து ஓட்டுக் கட்டடத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இன்னொரு தேதி. 1956 நவம்பர் 23. விடியாத இருட்டில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி பதவியை விட்டு விலகினார். 'பொறுப்பேற்று ராஜினாமா' என்று ஒரு சரக்கு இருப்பதை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தது அரியலூர்தான். அப்புறம் அந்த ஏற்றுமதி நின்றுபோய்விட்டது. சிமெண்ட் மட்டும் போகிறது.

ஆகவே ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். மோட்டார் வாகனத் துறைக்கு எழுதி எழுதிப் பேனா தேய்ந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய. நான் நேராக விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கே எழுதுகிறேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஓடும் எக்ஸெல், சைக்கிள், கரும்பு ஏற்றும் மாட்டுவண்டி ஆகியவற்றை விமானம் என்று அறிவிக்க வேண்டும். ஆளில்லாமல் பறப்பதையே விமானம் என்கிறீர்கள். எங்களுடையதில் மூன்று ஆளும் ஒரு மூட்டை வெங்காயமும் இருக்கின்றன. பறக்கிறதா என்று கேட்பீர்கள். லோடு ஏற்றிய டாரஸ் உரசிக்கொண்டு போகும்போது அந்தக் காற்றில் எக்ஸெல் ஒரு சாண் மேலே எழும்பத்தான் செய்கிறது. சில சமயம் வண்டி கீழேயே நின்றுவிட, ஓட்டியவர் மட்டும் மேலே போய்விடுகிறார். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? அரியலூர் பேருந்து நிலையத்தை விமான நிலையம் என்று குறித்துவிட்டால் ஐந்து கடல் மைல் கயர்லாபாத்தைத் தாண்டும், கல்லங்குறிச்சிப் பெருமாளையும் தாண்டும். பிறகு எந்த லாரியாவது ஃபோகஸ் லைட் போட்டால் 24 மணி நேரம் நோட்டீஸ், அதற்கும் அணைக்காவிட்டால் அரசாங்கமே கேபினில் ஏறி அணைக்கட்டும். ஹெல்மெட் போடாத விமானிகளிடம் நீங்கள் அபராதம் வாங்கிக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அது இப்போதும் தவறாமல் நடக்கிறது.

லேசர் லைட்டை வாங்கிக் கொடுத்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். திட்டிக்கொள்ளுங்கள். யார் முகத்திலும் அடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். ஊருக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. அரியலூர் ரோட்டில் ஒரு முக்கில் டீ குடிக்க நின்றோம். பையன் எதிரே இருந்த புளியமரத்தின் கிளைகளில் பச்சைப் புள்ளியை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். பைக்கில் வந்த காவலர் ஒருவர் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"தம்பி, இது யார் கண்ணுலயாவது பட்டா என்ன ஆவும் தெரியுமா? பார்வையே போயிடும். குடு இப்படி."

நல்ல மனிதர். அதட்டாமல்தான் சொன்னார். பையன் என்னைப் பார்த்தான். நான் கொடுக்கச் சொன்னேன். அவர் பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, மஞ்சள் சீட்டை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றார். அந்த நேரம் வளைவில் ஒரு டாரஸ் திரும்பியது. ஐந்து விளக்கு. டீக்கடை, புளியமரம், பையன், எல்லாம் வெள்ளையாகிக் காணாமல் போனது. காவலர் சட்டென்று இடது கையால் கண்ணை மூடிக்கொண்டு லாரி போகும்வரை அப்படியே நின்றார். வலது கையில் பேனாவைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.