நிற்காத ஃபான்

ஒஸ்ரின் ஏ40 காரில் ஃபான் நிற்க வேண்டுமென்றால் எஞ்சின் நிற்க வேண்டும். தண்ணீர்ப் பம்பின் கப்பியிலேயே ஃபானைப் பூட்டியிருந்தார்கள். எஞ்சின் சுற்றினால் பெல்ற் சுற்றும். பெல்ற் சுற்றினால் ஃபானும் சுற்றும். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான், சித்திரை வெயிலிலும் அப்படித்தான். என் பெரியப்பா அத்தகைய கார் ஒன்றைத் தலைமன்னாரில் வாடகைக்கு ஓட்டினார். இராமேஸ்வரத்திலிருந்து ‘இராமானுஜம்’ கப்பல் வரும் நாட்களில் இறங்குதுறைக்குப் போவார். யூலை 2இல் வரும் ஆடித் திருநாளுக்கும், ஓகஸ்ட் 15இல் வரும் ஆவணித் திருநாளுக்கும் மடுக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப் போவார். ஃபான் நிற்காமல் ஓடுகிறதே என்று அந்தக் காரைக் கராஜுக்கு யாரும் கொண்டுபோனதில்லை. ஓடாமல் போனால்தான் கராஜ்.

இப்போது நான் வைத்திருப்பது கொரோலா 110. அதை இந்த வருடம் கராஜுக்குக் கொண்டுபோனதற்கு ஒரே காரணம், ஃபான் நிற்காமல் ஓடியது. பெரியப்பா இருந்திருந்தால் இதைக் குறையென்றே எடுத்திருக்க மாட்டார். ஓடட்டும், நல்லதுதானே என்றிருப்பார். நானும் காரணம் தேடிப் போன பிறகு, அவர் சொல்லியிருக்கக்கூடிய அந்த வார்த்தையில் பாதி சரி என்று கண்டேன். அந்தப் பாதியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் பழைய காலத்தை இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மன்னார்த் தீவில் கார் ஓட்டுபவனுக்கு எதிரி சூடு ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். அந்தத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றினால் குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படிவு ஏறும். ஏறிய இடத்தில் சூடு இறங்காது. அதனால் பெரியப்பா டிக்கியில் எப்போதும் ஒரு கான் மழைத்தண்ணீர் வைத்திருப்பார். ரேடியேற்றர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவார்கள். அதற்கும் நிற்காவிட்டால் உப்புக்குளத்தில் கராஜ் வைத்திருந்த எருக்கலம்பிட்டி நானாவிடம் போக வேண்டும். அன்றைய ரேடியேற்றர் செம்பும் பித்தளையும். நானா மேல்தொட்டியைச் சூடாக்கிக் கழற்றுவார், ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய தகட்டை விட்டுச் சுரண்டுவார், பிறகு ஈயம் வைத்து மூடுவார். ஒரு ரேடியேற்றரை எத்தனை தடவை வேண்டுமானாலும் இப்படி உயிர்ப்பிக்கலாம். இன்று வருவது அலுமினியக் கோர், பிளாஸ்ரிக் தொட்டி. வெடித்தால் மாற்றுவது தவிர வேறு வழி பெரும்பாலும் கிடையாது.

நானாவிடம் மீற்றர் ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு பல்ப், இரண்டு வயர், அவ்வளவுதான். மேல் ஹோஸைக் கையால் பிடிப்பார், கீழ் ஹோஸைப் பிடிப்பார். மேலே சுட்டு, கீழே குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று சொல்லிவிட்டு, தெர்மோஸ்ரற் அடைத்ததா ரேடியேற்றர் அடைத்ததா என்று அடுத்த கேள்விக்குப் போவார். எந்தச் சாமானையும் முதலில் கழற்ற மாட்டார். கழற்றாமல் எதுவரை அறிய முடியுமோ அதுவரை அறிந்த பிறகுதான் ஸ்பானர் எடுப்பார். நல்ல மெக்கானிக்கை அளக்க இன்றும் நான் வைத்திருக்கும் அளவு அதுதான்.

1990இல் எல்லாம் போயிற்று. ஆனி மாதம் போர் மறுபடி தொடங்கியது. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து வந்த ரயிலும் நின்றது. ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் படகுகளில் கற்பிட்டிப் பக்கம் போனது. நானாவும் போனார். அவருடைய கராஜ் திறந்தபடியே கிடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஓர் ஊரிலிருந்து மக்களைத் துரத்தும்போது அந்த ஊரின் கைவேலை அறிவும் சேர்ந்து போகிறது. மன்னார் அதை இன்னும் முழுதாகத் திரும்பப் பெறவில்லை என்பது என் எண்ணம்.

வன்னிப் பக்கம் போன எங்களுக்குப் பெற்றோல் கிடையாது. மொறிஸ் மைனரும் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சூடு வேண்டும். ஆனால் சுமை ஏறினால் அதே மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்ட வைத்து, அளவுக்கு மீறிக் கொதிக்க வைக்கும். அதனால் சூடு கூடாது. சிலர் ரேடியேற்றருக்கு முன்னால் காட்போட் மட்டை செருகி வைத்து, ஏற்றம் வந்தால் இறங்கி எடுத்தார்கள். ஃபான் பெல்ற் அறுந்தால் புதிது கிடையாது. சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பின்னிக் கட்டினோம். அந்த வருடங்களில் ஓடும் ஃபான் ஒரு சொத்து.

2009இல் போர் முடிந்தது. 2010 மார்ச்சில் ஜப்பானிய உதவியில் கட்டிய புதிய பாலம் திறந்தது. 2015 மார்ச்சில் ரயில் மறுபடி தலைமன்னார் இறங்குதுறை வரை வந்தது. நானா புத்தளத்திலேயே மண்ணுக்குப் போய்விட்டார். மகன் திரும்பி வந்து மன்னாரில் கராஜ் போட்டான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த இடைவெளியில் நாட்டில் இருந்த பழைய ஜப்பான் கார்கள் எல்லாம் பொன் விலையாகின. எங்களுக்குத் தொண்ணூறுகளின் கொரோலா பழைய கார் அல்ல, குடும்பத்தின் பெரும் முதல். அதனால்தான் இந்தக் குறையை நான் சின்ன விடயமாக விடவில்லை.

குறை இதுதான். காலையில், எஞ்சின் பச்சைத் தண்ணீர்க் குளிரில் இருக்கும்போது, சாவியை ஓன் நிலைக்குத் திருப்பினால் போதும். ஸ்ராட் பண்ணுமுன்பே ஃபான் முழுவேகத்தில் ஓடத் தொடங்கும். ஏசி ஓவ். சாவியை எடுத்தால் நின்றுவிடும்.

ஊரில் ஒரு கராஜில் ஸ்கானர் பூட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்று காட்டியது. பிறகு, ஃபான் மோட்டர், ரிலே, தெர்மோஸ்ரற் மூன்றையும் மாற்றலாம் என்றார்கள். மாற்ற விருப்பமில்லையென்றால் வயரை வெட்டி, ஸ்ரியறிங் பக்கத்தில் ஒரு கைச்சுவிச் போட்டுத் தரலாம், சூடேறும்போது நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். மன்னார் ஓட்டோக்காரர்களும் வான்காரர்களும் எனக்குத் தந்த ஆலோசனையும் அதுபோலத்தான். பியூஸைக் கழற்றிவிடு அண்ணை, சத்தம் போய்விடும்.

நானாவின் மகன் ஸ்கானரை எடுக்கவில்லை. “இந்த வண்டியில கொம்பியூட்டருக்கும் ஃபானுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல அண்ணன்” என்றான். கொம்பியூட்டருக்கு வெப்பம் சொல்வது ஒரு சென்சர். ஃபானை ஆள்வது தனியாகத் தண்ணீர் வழியில் பூட்டிய வேறொரு சுவிச். அந்தச் சுவிச் கெட்டாலும் கொம்பியூட்டருக்குத் தெரியாது. தெரியாததை ஸ்கானர் எப்படிச் சொல்லும்?

பிறகு அவன் சொன்னது என்னை நிறுத்தி வைத்தது. அந்தக் காலத்து டொயோட்டாக்களில் இந்தச் சுவிச் நாம் நினைப்பதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. தண்ணீர் 83 பாகைக்குக் கீழே இருக்கும்போது சுவிச் மூடியிருக்கும், மின்சாரம் ஓடும்; அந்த மின்சாரம் ரிலேயை இழுத்துப் பிடித்து ஃபானை நிறுத்தி வைக்கும். 93 பாகையைத் தாண்டினால் சுவிச் திறக்கும், மின்சாரம் அறுபடும், ரிலே பிடியை விடும், ஃபான் ஓடும். அதாவது ஃபானின் இயல்பு ஓடுவது. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்ற செய்தி வந்துகொண்டிருக்கும் வரைக்கும்தான் அது நிற்கும். வயர் அறுந்தால், பிளக் கழன்றால், சுவிச் செத்தால், செய்தி நிற்கும், ஃபான் ஓடும். ஏதாவது கெடுவதென்றால் எஞ்சினைக் காப்பாற்றும் பக்கமாகக் கெடட்டும் என்று யாரோ ஒரு பொறியியலாளர் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார். ஏ40இல் இரும்பும் பெல்ற்றும் தந்த உறுதியை இவர்கள் ஒரு வயரின் தலைகீழான தர்க்கத்தில் தந்துவிட்டார்கள். நான் அதை மிகவும் மதிக்கிறேன்.

மகன் ஃபான் மோட்டரைத் தொடவேயில்லை. சுவிச்சின் பிளக்கைக் கழற்றினான். ஃபான் முன்போலவே ஓடியது. ஒரு துண்டு வயரை எடுத்து, பிளக் பக்கத்து வயரின் முனையை எஞ்சின் உடம்பில் தொட்டு ஏர்த் கொடுத்தான். ஃபான் நின்றது. எடுத்தான், ஓடியது. தொட்டான், நின்றது. ரிலே நல்லது, மோட்டர் நல்லது, வயர் நல்லது என்று அந்த ஒரு தொடுகையில் தெரிந்துவிட்டது. மிஞ்சியது சுவிச்சும் பிளக்கும். மீற்றரை வைத்துச் சுவிச்சைப் பார்த்தான். குளிர்ந்த நிலையில் மூடியிருக்க வேண்டும், மூடியே இருந்தது. அப்படியானால் பிளக்தான்.

பிளக்கை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினான். உள்ளே முனை தெரியவில்லை. பச்சைக் களிம்பு பொங்கி நிறைந்திருந்தது. நகத்தால் தட்டினால் மாவாக உதிர்ந்தது. வயரின் உறையைக் கொஞ்சம் சீவினான். உள்ளே செம்பு கறுத்திருந்தது. இன்னும் சீவினான், கறுப்பு. ஒரு விரல் நீளம் உள்ளே போன பிறகுதான் செம்பு தன் நிறத்தில் மின்னியது. அதுவரை வெட்டி எறிந்துவிட்டு, புதிய வயர்த் துண்டை ஈயம் வைத்து ஒட்டி, புதிய முனை போட்டு, கிறீஸ் பூசி மாட்டினான். சாவியைத் திருப்பினேன். ஃபான் அசையவில்லை. எஞ்சினை ஓட விட்டுக் காத்திருந்தோம். சூடேறியதும் தானாகப் போட்டது, சூடு இறங்கியதும் தானாக நிறுத்தியது.

உப்புதான் காரணம். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி காற்றாலைகள் முப்பதையும் சுற்ற வைக்கும் அதே சோளகம்தான் கடல் தூவலையும் கொண்டுவருகிறது. பாலத்தடியில் இரு பக்கமும் தண்ணீர். அந்தத் தாம்போதி வழியே போகிற ஒவ்வொரு காரின் முகத்திலும் உப்பு அறைகிறது. ரேடியேற்றர்ப் பக்கத்துப் பிளக்தான் அதை முதலில் வாங்குகிறது. அன்று உள்ளேயிருந்த உவர்நீரோடு போராடினோம். இன்று கூலன்ற் ஊற்றி உள்ளே காத்துக்கொண்டோம், உப்பு வெளிப்பக்கமாக வந்துவிட்டது.

எல்லா வண்டியிலும் இதே விடை என்று சொல்லவில்லை. சாவியை எடுத்த பிறகும் ஃபான் ஓய்வே இல்லாமல் ஓடிப் பற்றறியைத் தின்றால், ரிலேயின் முனைகள் ஒட்டிப்போயிருக்கலாம். ரிலேயை இழுத்தெடுத்தால் நிற்கிறதா என்று பாருங்கள். சூடான எஞ்சினை நிறுத்திய பிறகு சில நிமிடம் மட்டும் ஓடினால், பல வண்டிகளில் அது இயல்பு. ஏசி போட்டால் ஃபான் ஓடுவதும் இயல்பு. ஃபானைக் கொம்பியூட்டரே ஆளும் புதிய வண்டிகளில் வெப்ப சென்சரிடமிருந்து நம்ப முடியாத கணக்கு வந்தால், பல கொம்பியூட்டர்கள் பயந்து ஃபானை முழுவேகத்தில் போட்டுவிடும்; அங்கே ஸ்கானர் உண்மையைச் சொல்லும். கூலன்ற் குறைந்து எஞ்சின் உண்மையிலேயே சூடேறியும் ஓடலாம். ஆகவே எல்லாவற்றுக்கும் முன், எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். சூட்டில் ஒருபோதும் திறக்க வேண்டாம்.

ஃபான் ஓடிக்கொண்டே இருந்தால் உடனடியாகப் பெரிய நட்டம் இல்லை. மோட்டரின் பிறஷ் சீக்கிரம் தேயும், மின்சாரம் வீணாகும், அவ்வளவுதான். தெர்மோஸ்ரற் நல்லதாக இருந்தால் எஞ்சின் தன் சூட்டுக்கு வந்துவிடும். ஆனால் சத்தத்துக்குப் பயந்து வயரை வெட்டியவன், பூநகரி வீதியில் பின்னேர வெயிலில், மனைவி பிள்ளைகளோடு பேசிக்கொண்டு போகும்போது கைச்சுவிச்சைப் போட மறப்பான். அலுமினிய ஹெட் ஒருமுறை வளைந்தால் அந்தக் கார் பழையபடி ஆவது கடினம். எனக்குத் தெரிந்த இருவருக்கு இது நடந்தது.

மன்னாரில் கார் வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஃபானை நிறுத்துவதற்கு முன் அது ஏன் ஓடுகிறது என்று கேளுங்கள். வருடத்தில் ஒரு தடவை, சோளகம் ஓய்ந்ததும், காரின் முகப்பை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எஞ்சின் குளிர்ந்து, சாவி கையில் இருக்கும்போது அந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் சுரண்டிக் கிறீஸ் பூசி மாட்டுங்கள். கைச்சுவிச் போட்டுத் தருகிறோம் என்று எந்தக் கராஜ் சொன்னாலும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.