நூத்தம்பது ரூவா ஒற்றன்

வாடே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நீ ஏதோ ‘மிஸ்டரி ஷாப்பிங்’ போறியாம்லா, உங்க அம்மா பெருமையாச் சொன்னா. சாமான் வாங்குத மாதிரி கடைக்குள்ள போயி, வாங்கன்னானா, சிரிச்சானா, கக்கூஸ் கழுவியிருக்கானான்னு பாத்து கம்பெனிக்கு எழுதிப் போடணுமாம். அந்தக் காலத்துல ராசாவே மாறுவேசம் போட்டு நகர்வலம் போவாரு. இப்பத்த ராசாவுக்கு ஏசி ரூமை விட்டு வர மனசு இல்ல, உன்னைய அனுப்புதாரு. கூலி நூத்தம்பது. அதுக்குப் போன வாரம் செல்போன் கடையில ரெண்டு மணி நேரம் நின்னியாமே! பந்தி எடுத்த பெறவும் பாயாசத்துக்கு உக்காந்திருந்த உன் தாத்தன் புத்தி அப்படியே வந்திருக்கு.

வள்ளுவர் ஒற்றாடல்னு ஒரு அதிகாரமே எழுதி வச்சிருக்காரு, 59-ஆவது. ஒரு ஒற்றன் கொண்டாந்த சேதியை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபாருங்காரு. உன் கம்பெனிக்காரன் குறளைப் படிச்சானோ இல்லியோ, அதைத்தான் செய்யுதான். நீ எழுதுனதை ஒருத்தி வரி வரியாத் துருவுதா, அப்புறம் அதே கடைக்கு வேற ஒருத்தனை அனுப்புதான். ஆனா ஒற்றன் எவ்வளவு நேரம் கால்கடுக்க நிக்கணும்னு பத்துக் குறள்லயும் இல்லடே. அரமனைச் சம்பளக்காரனுக்கு அந்தக் கணக்கு எதுக்கு?

உனக்கு வேணும். பஸ்ஸுக்குப் போக வர நாப்பது போச்சா, மிச்சம் நூத்திப்பத்து. பஸ்ஸுல ஒரு மணி, கடையில ரெண்டு. வீட்டுக்கு வந்து, உள்ள நுழைஞ்ச நேரம் என்ன, முத ஆளு பேசுன நேரம் என்ன, சட்டையில பேரு குத்தியிருந்தானான்னு ஃபாரம் நிரப்ப ஒன்னரை. மணிக்கு இருபத்தஞ்சு ரூவா தேறல. அதுவும் மாசம் கழிச்சுத்தான் கைக்கு வரும். உங்க ஆச்சி போற நூறு நாள் வேலைக்கு 2025-26-ல நம்ம ஊருக்கு அரசாங்கம் போட்ட கூலி நாளுக்கு 336 ரூவா. கையில வாரது குறையுதுன்னு அவ புலம்புதது தனிக்கதை. இருந்தாலும் அவளுக்கு வேப்பமர நிழலும் ஊர்வம்பு பேச நாலு பேரும் உண்டு.

அந்தச் செல்போன் கடையில, விக்கித பையன் வந்து பேசுனாத்தான் வேலை முடியும்னு நீ நெனச்சிருக்க. அட மண்டு, அவன் வராததுதாம்லே சரக்கு! ‘பதினஞ்சு நிமிசம் நின்னேன், மூணு பேரு கவுண்டருக்குப் பின்னால போனை நோண்டிக்கிட்டு இருந்தானுவ, ஒருத்தனும் என்ன வேணும்னு கேக்கல.’ இதை எழுதிப் போட்டா முதலாளி அங்க துள்ளிக் குதிப்பான். அதுக்கு மேல நீ நிக்கிற ஒவ்வொரு நிமிசமும் அவனுக்கு நீ குடுக்குத நன்கொடை.

அதனால வேலையை ஒத்துக்கிறதுக்கு முன்னாலயே அவன் அனுப்புத தாளைப் படி. ஆளு கவனிக்கலேன்னா எப்பக் கெளம்பலாம்னு போட்டிருக்கான்னு தேடு. இல்லியா, வேலை குடுத்த பிள்ளைகிட்ட வாட்ஸ்அப்புல கேட்டு எழுத்துல வாங்கிக்கோ. துட்டு விசயத்துல வாய்க்கு ஞாபகம் கம்மி. பேங்குன்னா டோக்கன் சீட்டைக் கசக்கிப் போட்டுறாத, நேரம் அதுலயே அச்சாயிருக்கும்.

ஓட்டல்னா கதையே வேற. பில்லு இல்லாம எந்திரிச்சு வந்தா கூலியும் போச்சு, தின்ன துட்டும் திரும்பாது. தோசை வரட்டும், உக்காரு. ரொம்ப இழுத்தான்னா கை கழுவுத சாக்குல எந்திரிச்சுப் போயி, என்ன செய்யன்னு மெசேஜ் போடு. சண்டை மட்டும் பிடிச்சிராத. ஒற்றன் கத்துனா அப்புறம் என்ன ஒற்றன்? நிமிசத்துக்கு ஒருவாட்டி வாட்சைப் பாக்காத. காத்திருந்த நேரத்தைக் கூட்டியும் எழுதாத, அவன் கடையில கேமரா தொங்குது.

இன்னொன்னு கேளு. பதிவுக் கட்டணம் ஐநூறு கட்டு, பெரிய பெரிய வேலையா தாரோம்னு எவனாவது போன் போடுவான். கட்டிராத. கட்டியே தீருவேன்னு கை அரிச்சா, அந்த ஐநூறை எங்கிட்ட குடு. தினமும் இந்தத் திண்ணையில சாயங்காலம் வரைக்கும் உன்னையக் காக்க வைக்கேன். ஃபாரம்கூடக் கேக்க மாட்டேன்.