காணாமல் போன 69 ஜிபி: ஒரு விண்ணப்பம்

பெறுநர்: உயர்திரு. தலைவர் அவர்கள், பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம், ஜெனீவா.

பொருள்: ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் திரையில் 931 ஜிபியாகக் காட்சி தருவது – பரிகாரம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1998 டிசம்பரில் தாங்கள் நடத்திய பெயர் சூட்டு விழா.

ஐயா / அம்மா,

மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், ஹார்டு டிஸ்க் வாங்குகிற ஜனங்கள் அட்டைப்பெட்டியில் ஓர் எண்ணையும் திரையில் வேறோர் எண்ணையும் பார்த்துவிட்டு, நடுவில் அகப்பட்ட கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவரும் அசராமல், "ஃபார்மட் பண்ணினா கொஞ்சம் சாப்பிடும் சார்" என்கிறார். 69 ஜிபி சாப்பிடும் அளவுக்கு ஃபார்மட்டுக்கு வயிறு கிடையாது. அது கொறிப்பது சொற்பம்.

டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்தால் உண்மை பல்லிளிக்கும். ஒரு டெராபைட் என்றால் லட்சம் கோடி பைட். ஏறத்தாழ அவ்வளவும் அங்கே இருக்கும். லட்சம் கோடியை ஊழல் செய்திகளில் மட்டுமே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அது சேதாரமில்லாமல் கைக்கு வந்ததே அதிசயம். ஆனால் அதே வரியின் ஓரத்தில் '931 ஜிபி' என்றும் போட்டிருக்கும். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது; விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. சின்னப் படிக்காரரும் பெரிய படிக்காரரும் ஒரே முத்திரையைக் குத்திக்கொண்டு வியாபாரம் செய்தால், அரிசி குறைந்ததாகத்தான் தெரியும்.

கிலோபைட் காலத்தில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம், யாரும் சட்டை செய்யவில்லை. மெகாவில் 5, கிகாவில் 7, டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஆகிவிட்டது. டிஸ்க் பெருக்கப் பெருக்க ஏமாற்றமும் பெருக்கிறது.

இதைத் தாங்கள் கவனிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கிலோ என்றால் ஆயிரமேதான், 1,024-க்கு இனி கிபி, மெபி, கிபி என்று தனிப் பெயர்கள் என 1998-இல் தீர்ப்பளித்தீர்கள். (எங்கள் எழுத்தில் முதலாவதும் மூன்றாவதும் ஒன்றாகவே விழுகின்றன, அந்தக் கஷ்டம் எங்களோடு போகட்டும்.) நியாயமான தீர்ப்பு. 1906-இல் தொடங்கியபோதே கெல்வின் பிரபுவைத் தலைவராக வைத்திருந்த ஆணையம் வேறெப்படித் தீர்ப்பளிக்கும்? எங்கள் ஊரிலும் ஆணையம் என்றால் அறிக்கை உண்டு. அறிக்கை என்றால் அலமாரி உண்டு. ஜெனீவாவிலும் அதே மரபு தழைப்பது கண்டு மகிழ்ச்சி.

தங்கள் சட்டப்படி பார்த்தால் எல்லாமே தலைகீழ். திருடன் என்று ஊர் சொல்லும் டிஸ்க் கம்பெனி சொன்னதைச் சொன்னபடி கொடுக்கிறது. 8 ஜிபி ரேம் விற்பவரோ 859 கோடி பைட்டைக் கொடுத்துவிட்டு 800 கோடிக்குப் பில் போடுகிறார். அவருக்கு ஒரு நன்றிகூட யாரும் சொன்னதில்லை. (அந்த 8 கூடத் திரையில் 7.8 என்று இளைத்து நிற்பது வேறு துறை விவகாரம்: ப்ராசஸரிலேயே இருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது.) பெரிய படியால் அளந்துவிட்டுச் சின்னப் படியின் பெயரை எழுதுவது திரைதான். அதை ஒருவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டியவர்கள் நீதிமன்றம் போனார்கள், அதுவும் தப்பான ஆள் மேல். அமெரிக்காவில் வெஸ்டர்ன் டிஜிட்டல் என்ற டிஸ்க் கம்பெனி மீது வழக்குப் போட்டு, 2006-இல் சமரசம் ஆயிற்று. கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இடம் குறைந்ததென்று அழுதவர்களுக்கு இலவசமாக பேக்கப் சாப்ட்வேர் தர முன்வந்தது. அதாவது, மிச்சமிருந்த இடத்தையும் அடைக்க ஒரு கருவி. ஆப்பிள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் என்ற மேக் இயங்குதளத்தில் திரையையே ஆயிரக் கணக்குக்கு மாற்றிவிட்டது. ஒரு பைட் கூடாமல் ஊரிலிருந்த டிஸ்க்கெல்லாம் பெருத்தன.

ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து விண்டோஸ்காரர்களுக்கு ஒரு நினைவூட்டலாவது அனுப்பவும். ஒன்று, ஆயிரத்தால் வகுக்கட்டும். அல்லது, 1,024-ஆலேயே வகுத்துவிட்டு, ஜிக்கும் பிக்கும் நடுவே தாங்கள் சொன்ன அந்தக் குட்டி ஆங்கில 'ஐ'யைப் போடட்டும். லட்சம் கோடி பைட் கொள்ளும் இடத்தில் ஓரெழுத்துக்கு இடமில்லை என்று சொல்லமாட்டார்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
931-ஐ 1,000 என்று நம்பி வாங்கியோர் சார்பாக.

இணைப்பு: '1.44 எம்பி' ஃபிளாப்பி ஒன்று. கொள்ளளவு 14,74,560 பைட். ஆயிரக் கணக்கில் 1.47 வருகிறது, 1,024 கணக்கில் 1.41 வருகிறது, 1.44 எதிலும் வரவில்லை. ஆயிரத்தை 1,024-ஆல் பெருக்கி ஒரு மெகா செய்தால்தான் வருகிறது. அந்த மூன்றாவது மெகாவுக்கும் ஒரு பெயர் பார்த்து வைத்துவிட்டு, ஃபிளாப்பியைத் திருப்பி அனுப்பவும்.