எதிரி எழுதிக் கொடுத்த சாட்சி

கே: பைபிளில் சொன்னதற்கெல்லாம் வெளியே சான்று இருக்கிறதா, இல்லையா? ஒரே வரியில் சொல்லவும்.

ப: ராஜாக்களுக்கு இருக்கிறது, அற்புதங்களுக்கு இல்லை. (நீங்கள் கேட்டது ஒரு வரி. ஆசிரியர் கேட்டது ஒரு பக்கம். எனவே மேலே படியுங்கள்.)

கே: பைபிள் சொன்ன ஒரு சம்பவத்தை எதிர்த்தரப்பே எழுதி வைத்திருக்கிறதா?

ப: கி.மு. 701. அசீரிய மன்னன் சனகெரிப் யூதா நாட்டின் மேல் பாய்ந்தான். இராஜாக்களின் புத்தகம் அதைச் சொல்கிறது. நினிவேயில் 1830இல் கிடைத்த ஆறு பட்டைக் களிமண் பட்டகமும் சொல்கிறது, சனகெரிப்பின் வாயாலேயே. 46 கோட்டை நகரங்களைப் பிடித்தானாம், 2,00,150 பேரை வெளியேற்றினானாம். எசேக்கியா ராஜாவை எருசலேமில் கூண்டுப் பறவை மாதிரி அடைத்து வைத்தானாம்.

சரி, பறவையைப் பிடித்தானா? அந்த இடத்தில் பட்டகம் பேச்சை மாற்றிக்கொண்டு, எசேக்கியா அனுப்பிய கப்பத்தை எண்ண ஆரம்பித்துவிடுகிறது. எருசலேமைப் பிடித்ததாக ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஊர் ஆட்டுக்குட்டியைப் பிடித்தால்கூடக் கல்லில் வெட்டுகிற பரம்பரை அது! நினிவே அரண்மனையில் ஒரு அறை முழுக்க முற்றுகைக் காட்சி செதுக்கினான். எந்த ஊர்? லாகீஸ். தலைநகரம் கைக்கு வந்திருந்தால் அந்த இரண்டாம் ஊருக்கு எதற்கு அத்தனை சுவர்? (அந்தச் சிற்பங்களும் பட்டகமும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்.) நகரம் தப்பியது என்று பைபிள் சொல்கிறது. பிடித்தேன் என்று பகைவன் சொல்லவில்லை. வழக்கறிஞர் யாரும் இதைவிட நல்ல சாட்சி கேட்கமாட்டார்.

கப்பத்தில் தங்கம் 30 தாலந்து என்று இருவருமே சொல்கிறார்கள். வெள்ளியில்தான் கணக்கு உதைக்கிறது: பைபிளில் 300, பட்டகத்தில் 800.

கே: அப்படியானால் கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் அசீரியர் 1,85,000 பேரைச் சங்கரித்ததும் உண்மைதானே?

ப: இப்படித்தான் ஒரு படி ஏறியதும் மாடிக்கே தாவிவிடுகிறோம். முற்றுகை நடந்தது, நகரம் விழவில்லை. இது வரை சான்று. ஏன் விழவில்லை என்பது வேறு கேள்வி. கப்பம் வாங்கிக்கொண்டு போனான் என்பவர் உண்டு, படையில் கொள்ளைநோய் வந்தது என்பவர் உண்டு. கிரேக்கச் சரித்திரக்காரர் ஹெரொடோட்டஸ் தன் பங்குக்கு, எகிப்து எல்லையில் இதே சனகெரிப்பின் வில் நாண்களை எலிகள் கடித்துப் போட்டதாக ஒரு கதை விடுகிறார். தூதனா, எலியா, வெள்ளியா என்று தீர்ப்புச் சொல்ல மண்வெட்டிக்கு அதிகாரம் இல்லை.

கே: பைபிளும் வெளிச் சான்றும் நேருக்கு நேர் மோதும் இடம்?

ப: மோவாப் ராஜா மேசா. இஸ்ரவேலின் படை அவனை நெருக்கியது, அவன் மூத்த மகனையே மதில்மேல் பலியிட்டான், படை திரும்பிப் போனது என்கிறது பைபிள். 1868இல் திபானில் கிடைத்த மேசாவின் கல்வெட்டோ, இஸ்ரவேல் அடியோடு அழிந்தது என்கிறது. மகனைப் பற்றி மூச்சு இல்லை. இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்லும் ஒரே சண்டை இதுதான் என்று சொல்ல ஆசை. சரித்திரத்தில் பாதிச் சண்டைகள் அப்படித்தான்.

இதில் என்னை உலுக்கியது வேறு. மோவாப் இஸ்ரவேலுக்கு ஏன் அடிமைப்பட்டது என்பதற்கு மேசா சொல்லும் காரணம், தங்கள் தெய்வமான கேமோஷ் தன் நாட்டின் மேல் கோபமாக இருந்தார் என்பது. பெயரை மட்டும் மாற்றினால், பைபிள் தீர்க்கதரிசி யாரும் சொல்லியிருக்கக்கூடியது.

கே: யோசுவா காலத்தில் எரிகோ மதில் விழுந்ததைத் தோண்டிக் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

ப: விழுந்த மதில் கிடைத்தது, யோசுவாதான் கிடைக்கவில்லை. 1930களில் ஜான் கார்ஸ்டாங் இதுதான் அந்த மதில் என்றார். 1950களில் கேத்லீன் கென்யன் அம்மையார் மறுபடி தோண்டி, நகரம் அழிந்தது கி.மு. 1550 வாக்கில் என்றார். யோசுவாவை வழக்கமாக வைக்கும் காலத்துக்கு ஒன்றரை முதல் மூன்று நூற்றாண்டு முன்பு. அவர் வந்து எக்காளம் ஊதச் செய்தபோது விழுவதற்கு மதில் இருந்ததா என்பதே கேள்வி.

கே: நோவாவின் பேழை?

ப: யூடியூபில் வாரம் ஒரு முறை கிடைக்கிறது.

கே: இயேசுவுக்குத் தீர்ப்புச் சொன்ன பொந்தியு பிலாத்துவுக்குச் சான்று?

ப: உறுதியாக உண்டு. 1961இல் செசரியாவில், பழைய அரங்கத்தின் படியாகப் போட்டிருந்த கல்லில் அவர் பெயர் லத்தீனில். தீர்ப்புச் சொன்னவரின் பெயரை எத்தனை பேர் மிதித்தார்களோ! ரோமச் சரித்திரக்காரர் டாசிட்டஸும், திபேரியு காலத்தில் பிலாத்துவால் கிறிஸ்து தண்டிக்கப்பட்டார் என்று எழுதுகிறார். கிறிஸ்தவர்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் மனிதர் அவர்; அவர்களுக்காகப் பொய் சொல்லத் தேவையில்லை. ஆனால் பிலாத்துவை வேறு பதவிப் பெயரால் குறிக்கிறார். கல்லில் இருக்கும் பதவி பிரீஃபெக்ட்.

கே: விசுவாசிகளுக்குப் பிடிக்காத ஒன்றும் சொல்லுங்களேன், நடுநிலை தெரியட்டும்.

ப: ரோம ஆளுநர் சிரேனியுவின் குடிமதிப்பு. இயேசு பிறந்தபோது அது நடந்ததாக லூக்கா. ஏரோது ராஜா உயிரோடு இருந்தபோது பிறந்ததாக மத்தேயு. ஏரோது இறந்தது கி.மு. 4இல் என்பது பெரும்பாலோர் கணக்கு. யூதச் சரித்திரக்காரர் ஜோசிபஸ் சொல்லும் அந்தக் குடிமதிப்பு கி.பி. 6இல். நடுவில் ஒன்பது வருஷமாவது. அதை அடைக்கப் பலரும் பல மண் கொட்டிவிட்டார்கள், பள்ளம் அப்படியே இருக்கிறது.

கே: உங்களுக்குப் பிடித்த சான்று எது?

ப: மன்னர்களின் தம்பட்டம் எதுவும் இல்லை. பாபிலோன் அரண்மனையில் தோண்டியெடுத்த சில களிமண் பலகைகள், சுத்தமான ஸ்டோர் கணக்கு. யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்தோம் என்ற பட்டியல். அதில் யூதாவின் ராஜா யோயாக்கீன் பெயரும், அவர் மகன்கள் ஐந்து பேருக்கான அளவும் இருக்கிறது. எருசலேமிலிருந்து நேபுகாத்நேச்சார் சிறைப்பிடித்துப் போன அதே யோயாக்கீன்தான். பைபிளை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ அந்தக் குமாஸ்தாவுக்கு உத்தேசமே இல்லை. அளந்தார், எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அளவில் கை வைத்தாரா என்பது மட்டும் பலகையில் இல்லை.