உடையார்பாளையம் வட்டத்துக் கல்லூரிகளில் முன்னறிவிப்பற்ற மின்தடையும் அதிகார இடமாற்றமும்: ஒரு முன்னாய்வு

மின்தடை இருவகைப்படும். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஊர்ப் பெயர்களோடு முந்தின நாளே நாளிதழில் வருவது ஒன்று. அதில் ஆய்வுக்கு இடமில்லை. விடிவதற்குள் மாவரைத்து, மோட்டார் போட்டு, தொட்டியை நிரப்பிவிடுகிறார்கள். அகமதிப்பெண் பதிவேற்றக் கடைசி நாளில், முற்பகல் பதினொன்றரைக்கு, பேராசிரியரின் விரல் 'சமர்ப்பி' மீது இருக்கும்போது போவது மற்றொன்று. இக்கட்டுரை அதைப் பற்றியது.

இதற்குப் பெரிய காரணம் தேடுவோர் 2012 ஜூலை 30, 31 தேதிகளைக் காட்டுவர். வடக்கே மின்தொகுப்பு சரிந்து அறுபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் தவித்த நாட்கள் அவை. அந்தச் சான்று இங்கே செல்லாது. தென்மண்டலம் அன்று அந்தத் தொகுப்போடு சேர்ந்து இயங்கவே இல்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாக 2013 டிசம்பர் 31 அன்றுதான் சேர்ந்தது. நம் பக்கத்துக்கு ஓர் அணில் போதும். முந்திரிக் கிளை காற்றில் ஆடி 11 கிலோவோல்ட் கம்பியில் உரசினாலும் போதும். துணைமின் நிலையத்தில் ஃபீடர் ட்ரிப் ஆகிவிடும்.

மூன்று பேஸில் ஒன்று மட்டும் போகும் நிகழ்வைத் தனியே ஆராய வேண்டும். அப்போது வேதியியல் துறையில் ஃபேன் சுற்றும், தமிழ்த் துறையில் நிற்கும். பத்தாண்டுகளாக வேதியியல் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூட அன்று ஏதோ ஐயம் கேட்க அங்கே போகிறார்கள். துறைகளுக்கிடையிலான கூட்டாய்வு வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பிச் சலித்தவர்கள் ஒரு பியூஸைப் பிடுங்கிப் பார்த்திருக்கலாம்.

முழுத் தடையில் நிலைமை வேறு. கட்டண ரசீது பாதித் தாளில் நிற்கிறது. யுபிஎஸ் கத்தத் தொடங்குகிறது. கணினியை மூடுவதற்குள் அதுவும் ஓய்கிறது. அலுவலகக் கண்காணிப்பாளர் சன்னலோரம் வந்து நின்று ஊழியரிடம் கேட்கிறார்: “எப்பப்பா வரும்?” பதில் மாறுவதில்லை: “லைன்ல வேலை பாக்குறாங்களாம் சார், எல்.சி. வாங்கியிருக்காங்க.” எல்.சி. என்றால் லைன் கிளியர். கம்பியில் கை வைக்குமுன் மின்சாரம் வராதென்று வாங்கும் உறுதி. இதைச் சொல்பவர் யாரையும் விசாரித்திருக்க மாட்டார். ஆனாலும் எல்லாரும் அமைதியடைகிறார்கள்.

கருத்தரங்க மண்டபத்தில் மைக் செத்ததும் சிறப்புரையாளர் இரண்டாம் வரிசைக்குமேல் கேட்பதில்லை. இவ்வூரின் மரபுக்கு இது பெரும் இழுக்கு. இங்கே ஜமீன் அரண்மனையில் வித்துவானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அடிவயிற்றிலிருந்து குரலெடுக்கும் கன மார்க்கத்தைப் பொப்பிலி கேசவையாவிடம் கற்றவர். அவர் வரலாற்றை எழுதிய உ.வே.சா.வும் உறவினர்தான். மின்சாரம் எட்டிப் பார்க்காத காலத்தில் அரண்மனை முழுவதும் கேட்டிருக்கிறது குரல். பணிநியமனத் தகுதிகளில் கன மார்க்கத்தையும் சேர்க்கலாம் என்பது என் தாழ்மையான பரிந்துரை.

ஆய்வின் மையக் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். மின்சாரம் இருக்கும்வரை கல்லூரியில் முதல்வர்தான் முதல்வர். அது போன நொடியில் அதிகாரம் வாசலுக்கு இடம்பெயர்கிறது; ஏனெனில் ஜெனரேட்டர் அறைச் சாவி காவலாளியிடம் இருக்கிறது, காவலாளி டீக்குப் போயிருக்கிறார். அவர் நடந்து வருவதை மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், துணைவேந்தர் வருகைக்குக்கூட அப்படி எதிர்பார்ப்பு இருந்ததில்லை. வந்தவர் சாவி நேற்றைய ஷிப்ட்காரரிடம் என்கிறார். கிடைத்தால் டீசல் இருக்காது. டீசலுக்கு ஒப்புதல் கேட்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்ய மின்சாரம் வேண்டும்.

இத்தனைக்கும் இது மின்சாரத்துக்காக நிலம் கொடுத்த வட்டாரம். பக்கத்து ஜெயங்கொண்டத்தில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது. அனல்மின் நிலையம் வரும் என்று 1990களில் உழவர்களிடமிருந்து எடுக்கத் தொடங்கிய நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர். இழப்பீட்டு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன, மின்நிலையம் வரவில்லை. கடைசியில் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதென்று அரசு முடிவெடுத்தது. நெய்வேலியிலோ 1962 முதல் அதே வகை நிலக்கரி மின்சாரமாகிக்கொண்டிருக்கிறது.

ஆய்வின் அடுத்த கட்டத்துக்குப் பல்கலைக்கழக நிதி தேவையில்லை. ஐந்து லிட்டர் டீசலும், நேற்றைய ஷிப்ட்காரரின் வீட்டுக்கு வழி தெரிந்த ஒருவரும் போதும். இருப்பவர்கள் அலுவலகத்தை அணுகலாம். பதிவேற்றம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.